உத்யோகத்தில் இருந்துகொண்டே டாக்டர் பட்டம்

(நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கக் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. முடித்திருக்கிறீர்கள், அதுவும் சைபர் பாதுகாப்பு மேலாண்மையில். நம் பிள்ளைகள், நாட்டுப்பெண்கள், மாப்பிள்ளைகள் என்று பாதிப் பேர் கம்ப்யூட்டர் துறையில்தான் இருக்கிறார்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் 'நாமும் செய்யலாமா?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பிரயோஜனமாக நாலு வார்த்தை பேசுங்கள்" என்றார். உற்சாகமாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, தெரியவில்லை. சேருவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சிலதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். அதில் பெரியது இது: நம் உத்யோகம் எதையெல்லாம் வெளியே சொல்லாதே என்கிறதோ, அதைப் பற்றியே எழுதி வெளியிடு என்கிறது ஆய்வேடு. இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பண்ணிக்கொண்ட பிறகுதான் அப்ளிகேஷன் போட வேண்டும்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சைபர் பாதுகாப்பு என்றதும் ஹேக்கர், வைரஸ், பாஸ்வேர்டு என்றுதான் நினைவு வரும். அது இன்ஜினீயரிங் பக்கம். மேலாண்மைப் பக்கம் வேறு. பூட்டு எப்படிச் செய்வது என்பது இன்ஜினீயர் கேள்வி. சாவி யாரிடம் இருக்க வேண்டும், அவர் லீவில் போனால் யாரிடம் கொடுக்க வேண்டும், பூட்டு வாங்கப் பணம் ஒதுக்குகிறவர் யார், பூட்டு உடைந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் நிர்வாகக் கேள்வி.

புனேயில் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 2018 ஆகஸ்டில் நடந்ததை வங்கிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நகல் கார்டுகளை வைத்து 28 தேசங்களில் ஏ.டி.எம்.களில் சில மணி நேரத்தில் பணத்தை உருவினார்கள். பிறகு ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கு ஒரு தொகையை அனுப்பினார்கள். மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய். ஏ.டி.எம். கொள்ளை நடந்த நாள் ஆகஸ்ட் 11. காலண்டரைப் பார்த்தால் அது இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிப் பணத்தில் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போனதே, அங்கேயும் கணக்கு இதுதான். டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு. திருடுகிறவன் நம் லீவு லிஸ்ட்டைத்தான் முதலில் படிக்கிறான். எந்த சாஃப்ட்வேரும் இதற்கு முழுப் பதில் ஆகாது. லீவு நாளில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதை நிர்வாகம்தான் தீர்மானிக்க வேண்டும்.

நம் ஊர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் ஸ்விஃப்ட் மூலம் மூன்று போலிப் பரிமாற்றங்கள் நடந்தன. கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். எப்படித் தெரிந்தது? கணக்கை ஒத்துப்பார்க்கும்போது! ரிகன்ஸிலியேஷன் என்று நாமெல்லாம் சலித்துக்கொண்டே செய்கிற அந்த வேலைதான் காட்டிக் கொடுத்தது. மூன்றில் ஒன்றை உடனே தடுக்கவும் முடிந்தது. இந்த வேலை எத்தனை மணிக்கு ஒரு தடவை நடக்க வேண்டும், அதைச் செய்கிறவருக்கு சந்தேகம் வந்தால் யாரை எழுப்பலாம் என்பதை வைத்தே ஒருவர் பிஎச்.டி. செய்யலாம். சின்னக் கேள்வியாகத் தோன்றும். தீஸிஸுக்குச் சின்னக் கேள்விதான் வேண்டும்.

பெரும்பாலானவர்கள் கொண்டுவருகிற தலைப்பு 'இந்திய வங்கிகளில் சைபர் பாதுகாப்பு' என்கிற மாதிரி இருக்கும். அது ஆய்வுத் தலைப்பு இல்லை, நூலகத்தில் ஒரு அலமாரியின் பெயர். நம் சாஸ்திர சதஸ்களில் வித்வான்கள் ஒரு அதிகரணத்தை எப்படி நடத்துவார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். விஷயம் என்ன, அதில் சம்சயம் என்ன, பூர்வபக்ஷம் என்ன, அப்புறம்தான் சித்தாந்தம். சம்சயம் இல்லாத இடத்தில் விசாரமே கிடையாது. பிஎச்.டி.யும் அச்சாக அதேதான். லிட்டரேச்சர் ரிவ்யூ என்று ஒரு அத்தியாயம் எழுதச் சொல்வார்கள். நம்மோடு ஒத்துப்போகிறவர்களின் பெயர்களை அடுக்கினால் அது ரிவ்யூ ஆகாது. எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்பதை, அவரே சொன்னால் எவ்வளவு பலமாகச் சொல்வாரோ அவ்வளவு பலமாக எழுத வேண்டும். இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர்களுக்கு இது கஷ்டம். "இது எனக்குத் தெரியாதா, நான் பார்த்திருக்கிறேனே" என்று வாய் வரை வந்துவிடும். நாம் பார்த்தது ஒரு ஆபீஸை.

என் கேள்வியைச் சொல்கிறேன். ஒரு வங்கியில் தகவல் பாதுகாப்புக்குத் தலைவராக ஒருவர் இருப்பார், சுருக்கமாக சீஸோ என்பார்கள். அவர் யாருக்குக் கீழே இருக்கிறார் என்பதற்கும், தணிக்கையில் கண்டுபிடித்த ஓட்டைகள் அடைபட எத்தனை நாள் ஆகிறது என்பதற்கும் சம்பந்தம் உண்டா? அவ்வளவுதான். ஐ.டி. பிரிவின் தலைவருக்குக் கீழே சீஸோ இருந்தால், தன் மேலதிகாரி வேலையில் குறை என்று எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7-ஆம் தேதி வெளியிட்ட ஐ.டி. நிர்வாகம் பற்றிய முதன்மை உத்தரவு 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. சீஸோ நேரடியாக ஐ.டி. தலைவரிடம் ரிப்போர்ட் செய்யக் கூடாது, அவருக்கு வியாபார இலக்குகள் கொடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. காகிதத்தில் அம்புக்குறியை மாற்றிப் போட்டுவிடலாம். அவருடைய இன்கிரிமென்ட்டை யார் எழுதுகிறார்கள், யார் அறைக்குள் அவர் கதவைத் தட்டாமல் போக முடிகிறது என்பதை உத்தரவைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. போய்க் கேட்க வேண்டும்.

கேட்கத்தான் விடமாட்டார்கள்! இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு சுற்றினேன்.

பகுதி நேர ஆய்வுக்குச் சேர அலுவலகத்தில் தடையில்லாச் சான்று, என்.ஓ.சி., வாங்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகள் அதில் என்ன இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க உத்யோகக் கடமைகள் இடம் தருகின்றன, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க விடுவிப்போம். இந்த மூன்றும் நம் நேரத்தைப் பற்றியவை. நம் ஆபீஸ் தகவலை ஆய்வில் பயன்படுத்தலாமா என்பது பற்றி இவற்றில் ஒரு வார்த்தை கிடையாது. அதற்குத் தனியாக, எழுத்தில், சேருவதற்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும். "பார்த்துக்கலாம் சார், நீங்க ஆரம்பிங்க" என்று மேலதிகாரி வாயால் சொன்னதை நம்பி யாரும் இறங்கக் கூடாது. இரண்டு வருஷத்தில் அவர் மாற்றலாகிப் போவார். அடுத்து வருகிறவர் ஃபைலைப் பார்ப்பார், ஃபைலில் ஒன்றும் இருக்காது. இப்படி மூன்றாம் வருஷத்தில் டேட்டா இல்லாமல் நின்றுபோனவர்களை நான் அறிவேன், எல்லோரும் நல்ல புத்திசாலிகள்.

நிறுவனங்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பட்டம் அறிவிப்பதற்கு முன்னால் ஆய்வேட்டின் மின்பிரதியைப் பல்கலைக்கழகம் இன்ஃப்ளிப்நெட்டுக்கு அனுப்ப வேண்டும். அது 'ஷோத்கங்கா' என்கிற தளத்தில் ஏறும். யாரும் படிக்கலாம், நல்லதுதான். ஆனால் யாரும் என்றால் திருடனும்தான். 'இந்த வங்கியில் இந்த ஓட்டை 200 நாள் திறந்திருந்தது' என்று நாம் எழுதி வைத்தால் அவனுக்கு வேறு வேலையே இல்லை.

நான் கண்ட வழி, ஓட்டை என்ன என்பதைக் கேட்காமல் விடுவது. எத்தனை நாள் என்பது மட்டும் எனக்குப் போதும். பெரியது, நடுத்தரம், சின்னது என்று ஒரு அடையாளம், கண்டுபிடித்த நாளுக்கும் அடைத்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள், அவ்வளவே. தேதிகூட வேண்டாம். வங்கியின் பெயருக்குப் பதில் 'அ', 'ஆ' என்று எழுத்து. எந்த எழுத்து எந்த வங்கி என்கிற குறிப்பு என்னிடம் மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது, கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. இந்தப் படிவத்தைக் காட்டிய பிறகுதான் சில இடங்களில் கதவு திறந்தது. என் சொந்த வங்கியை நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் வேலை சுலபம். ஆனால் அப்போது நான் ஆராய்ச்சிக்காரனா, உத்யோகஸ்தனா என்று எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கேள்வித்தாள் அனுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. மார்க்கெட்டிங்கில் ஆய்வு செய்கிறவர்கள் கூகுள் ஃபார்ம் அனுப்புவார்கள், பதில் வரும். பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அனுப்பினால் வராது. முன்பின் தெரியாதவர் அனுப்பிய லிங்க்கை அழுத்தாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்களே அவர்கள்தான்! அதனால் நேரில்தான் போனேன். மும்பை, பெங்களூர், கொச்சி, சென்னை என்று ஆபீஸ் டூர் போகிற இடத்தில் சனிக்கிழமை ஒரு நாள் என் செலவில் தங்கி, முன்கூட்டியே கேள்விகளை அனுப்பி, பேச்சைப் பதிவு செய்யாமல் கையால் குறித்துக்கொண்டு வந்தேன். ரிக்கார்டரை எடுத்து மேஜையில் வைத்தால் மனிதர் சர்க்குலர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். காபி வந்து, ரிக்கார்டரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், "உண்மையைச் சொல்லட்டுமா சார்?" என்று ஆரம்பிப்பார்கள். என் ஆய்வேட்டில் உருப்படியானதெல்லாம் அந்த வார்த்தைக்குப் பின்னால் வந்தவை.

இனி பட்டத்தைப் பற்றி. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். 'பதினெட்டு மாதத்தில் டாக்டரேட், வீட்டிலிருந்தபடியே' என்று விளம்பரம் வருகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் இருக்கும், தவணை முறையில் பணம் கட்டலாம் என்றும் இருக்கும். யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரில் பகிரங்கமாகவே எச்சரித்தன: கல்வி நடத்தும் கம்பெனிகள் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து தருகிற ஆன்லைன் பிஎச்.டி.க்கு இங்கே அங்கீகாரம் கிடையாது. நம் நாட்டிலேயே தொலைதூரக் கல்வி முறையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. தர விதியில் இடமில்லை. பகுதி நேரம் என்பது வேறு, தொலைதூரம் என்பது வேறு. பகுதி நேரத்திலும் கோர்ஸ் ஒர்க் உண்டு, ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆலோசனைக் குழுவுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். விதிப்படி குறைந்தது மூன்று வருஷம். அதற்குக் குறைவாக யார் தருவதாகச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நம் சமூகத்தில் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்ள ஆசை உண்டு, இல்லை என்று சொல்லாதீர்கள். இருபது வருஷம் நல்ல பெயரோடு பாதுகாப்புத் துறையில் இருந்தவர், அந்த ஆசைக்காக அங்கீகாரமில்லாத காகிதத்தை வாங்கி பயோடேட்டாவில் சேர்த்தால், சரிபார்ப்பில் அவருடைய அந்த இருபது வருஷத்தையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

சரியான வழிகளுக்குக் குறைவில்லை. பல பல்கலைக்கழகங்களில் பகுதி நேரப் பதிவு இருக்கிறது. ஐ.ஐ.எம்.கள் முன்பெல்லாம் 'ஃபெல்லோ' என்றுதான் கொடுத்துவந்தன. 2017-இல் வந்த ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பிறகு பிஎச்.டி. என்றே தருகின்றன, சிலவற்றில் பணியில் இருப்பவர்களுக்கென்றே தனித் திட்டம் உண்டு. எதில் சேர்ந்தாலும் கட்டிடத்தைப் பார்க்காமல் கைடைப் பாருங்கள். பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேரைத்தான் எடுக்கலாம், அசோசியேட் ஆறு, அசிஸ்டன்ட் நாலு. ஓய்வு பெற மூன்று வருஷத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. அவர் கையெழுத்தில் ஏற்கெனவே வெளிவந்த ஆய்வேடுகளை ஷோத்கங்காவில் எடுத்து இரண்டையாவது படித்துப் பாருங்கள். கைடு எப்படிப்பட்டவர் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நேரத்துக்கு வருகிறேன். ஆறு வருஷம் வரை முடிக்கலாம், மறுபதிவு செய்து இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு, ஆக மொத்தம் பத்து வருஷம் வரை போகலாம். பிரசவ விடுப்பு என்று 240 நாள் வரை தனியாகவும் உண்டு. இது பல நாட்டுப்பெண்களுக்குத் தெரியவில்லை, மாமியார்களுக்கும்தான். நான் விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஸ்நானம், சந்தி முடித்து, ஆபீஸ் கிளம்பும் வரை ஒன்றரை மணி நேரம் எழுதினேன். ராத்திரியில் படித்தால் எனக்கு ஏறாது. விவாஹம், உபநயனம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று நம் வீடுகளில் வருஷத்தில் எத்தனை நாள் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பாதிக்கு என் மனைவி மட்டும்தான் போனாள். "ஆத்துக்காரர் வரலையா?" என்று கேட்டவர்களுக்கு அத்தனை வருஷம் பதில் சொன்னவள் அவள். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவள் பெயர் ஒரு வரியில் இருக்கிறது. அது போதாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பட்டத்தால் சம்பளம் உயர்ந்ததா என்று ஒரு மாமா வாசலிலேயே கேட்டுவிட்டார். என் விஷயத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. பிரமோஷனுக்கும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கற்பிக்கப் போக நினைப்பவர்களுக்கு உபயோகப்படும். ஆபீஸில் வந்த வித்தியாசம் வேறு மாதிரி. ஒரு கம்பெனி வந்து, எங்கள் கருவியை வைத்தால் தாக்குதல் இத்தனை சதவீதம் குறையும் என்று படம் காட்டினால், எதோடு ஒப்பிட்டு, எத்தனை இடத்தில், எத்தனை நாள் பார்த்தீர்கள் என்று இப்போது கேட்கிறேன். பாதி பேர் அதற்கப்புறம் இரண்டாவது மீட்டிங்குக்கு வருவதில்லை. நிறுவனத்துக்கு அதில் மிச்சமான பணம் என் ஃபீஸைவிட நிச்சயம் அதிகம்!

ஓய்வு பெற்ற பிறகு சேரலாமா என்று கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். யு.ஜி.சி. விதியில் உச்ச வயது என்று எதுவும் இல்லை, சேரும் இடத்தின் விதியை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். என்.ஓ.சி. தொல்லையும் இருக்காது. ஆனால் ஓய்வுக்குப் பின் ஆபீஸ் ஃபைல்களைத் தொட உங்களுக்கு உரிமை கிடையாது, பழைய பென் டிரைவில் இருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மனிதர்களைப் போய்ப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால், முப்பத்தைந்து வருஷ சிநேகிதம் உள்ள உங்களுக்குத் திறக்கிற கதவு என்னைப் போன்றவர்களுக்குத் திறக்காது. அப்படி யாராவது ஆரம்பிப்பதாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். அந்த அனுமதிப் படிவத்தின் நகல் பத்து கொண்டுவந்திருக்கிறேன்.